குழாயக்காவும் மூச்சுத் துளையும்

ஒரு வீட்டு வண்டியின் குடிநீர்த் தொட்டி நிரம்ப ஒன்பது நிமிடம் ஆகும். பத்தொன்பது ஆண்டுகளில் குழாயக்கா ஏறத்தாழ நாற்பதாயிரம் தொட்டிகளை நிரப்பியிருக்கிறார். வெடித்தது ஒன்றே ஒன்று. அது நான்காவது நிமிடத்திலேயே வெடித்துவிட்டது.

அந்தத் தொட்டிக்கு மேலே ஒரு கட்டில் இருந்தது. கட்டிலில் ஒரு பெண், வலது காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் தார்ச்சாலையின் கோடியில், டயர்க் கடைக்குப் பின்னால் இருக்கிறது அந்த முற்றம். உள்ளே அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டிகள் வந்து தங்கும் இடம். சினிமாக்காரர்கள் கேரவன் என்பார்கள். முற்றத்தில் வெறும் வண்டிதான். இருபத்தெட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் தரையில் வெள்ளை எண். நடுவில் துணி துவைக்கும் அறை, ஓரத்தில் தகரக் கூரை போட்ட அலுவலகம், வாசலை ஒட்டிக் குழாய்த் தூண். வந்த வண்டி முதலில் தூணுக்குப் போக வேண்டும். கழுவிக்கொள்ளலாம், தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், பிறகுதான் நிறுத்தம்.

தூணின் குழாயைத் திறந்து மூடும் பித்தளைச் சாவி குழாயக்காவிடம் இருக்கும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஐம்பத்து மூன்று வயது. குட்டையான உருவம், அகலமான தோள், எப்போதும் மடித்துவிட்ட சட்டைக் கை. சொந்தப் பெயரை மேலாளரே மறந்துவிட்டார். சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்வார்.

தொட்டியில் தண்ணீர் பிடிப்பது என்ன பெரிய வித்தை என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். அக்கா வேலையைச் செய்துகொண்டே பதில் சொல்வார்.

"காலித் தொட்டின்னு ஒண்ணு கிடையாதுங்க. உள்ள காத்து குடியிருக்கு. தண்ணி உள்ள போகணும்னா காத்து வெளியே வரணும். வழி விடலேன்னா ரெண்டும் அடிச்சுக்கும். அடிச்சுக்கிட்டா செலவு உங்களுக்கு."

அதற்காகத்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் விரல் நுழையும் அளவில் ஒரு துளை வண்டியின் பக்கவாட்டில் திறக்கும். மூச்சுத் துளை என்பது முற்றத்துப் பெயர்.

அக்காவுக்கென்று ஒரு முறை உண்டு. குடிநீருக்கு வெள்ளைக் குழாய் மட்டும். பச்சைக் குழாய் தரை கழுவத்தான். வெள்ளைக் குழாயின் நுனி மண்ணில் படக் கூடாது. பட்டால் அன்றைக்கு அது தீட்டு. முதல் ஒரு நிமிடத் தண்ணீர் வாளிக்கு. தொட்டியின் வாயைச் சுத்தத் துணியால் துடைத்துவிட்டு, அரைச் சுற்று மட்டும் திறந்து, தலையைச் சாய்த்துக் கேட்பார். காற்று முதலில் கனத்த குரலில் 'பூ'வென்று வெளியேறும். பாதி நிரம்பியதும் குரல் மெலியும். கடைசி அரை நிமிடம் விசில். விசில் அறுபடும் நேரத்தில் சாவி திரும்பியிருக்கும். ஒரு சொட்டு வழியாது. தொட்டியின் அளவைக் காட்டும் விளக்கு பொய் சொன்ன வண்டிகள் உண்டு. அக்காவின் காது பொய் சொன்னதில்லை. "காதாலே அளக்கிறவங்க" என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவருடைய வேலையே அந்தக் காதுதான். முற்றத்துக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மேலாளர் ஒரு திருகு இணைப்பு வாங்கி வந்தார். குழாயைத் தொட்டியின் வாயோடு இறுக்கித் திருகிவிடலாம். தூசி விழாது, தண்ணீர் சிந்தாது. அதுவரை குழாய் வாயில் தளர்வாகத் தொங்கும். காற்றுக்கு அந்த இடுக்கும் ஒரு வழி. இணைப்பு வந்தபின் அந்த வழி அடைபட்டது. மூச்சுத் துளை ஒன்றுதான் மிச்சம்.

அந்த மிச்சத்தையும் ஒருவர் தினமும் மூடிக்கொண்டிருந்தார். அவர் அக்காவின் நாத்தனார்.

வண்டி கழுவுவது நாத்தனாரின் வேலை. அக்காவின் கணவருக்குத் தங்கை, முப்பத்தாறு வயது, அதே வீட்டின் மாடியறையில் இருக்கிறார். வேலை வாங்கிக் கொடுத்தது அக்காதான். சேர்ந்த முதல் மாதத்தில் சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சியடித்ததில், அது மூச்சுத் துளை வழியாக ஒரு வண்டியின் தொட்டிக்குள் போய்விட்டது. அந்த வண்டிக்காரர் போட்ட டீயில் நுரை தளும்பியது. "என்ன டீ இது, ஷேவிங் பண்ணவா?" என்று அவர் கோப்பையோடு அலுவலகத்துக்கு வந்தார். அன்றிலிருந்து நாத்தனாரின் பெயர் நுரை. அன்றிலிருந்துதான் டேப்பும். கழுவும் முன் மூச்சுத் துளையின் மேல் துணி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவார். கழுவி முடித்ததும் உரித்துவிடுவார்.

பெரும்பாலான வண்டிகளில் தொட்டியின் வாய் ஒரு பக்கம், மூச்சுத் துளை மறுபக்கம். வாய்ப் பக்கம் அக்கா நிற்பார், துளைப் பக்கம் நுரை நிற்பார். நடுவே வண்டி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் இருவரும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டேப்பை உரித்ததும் நுரை கத்துவார்:

"மூச்சு திறந்தாச்சு!"

"கேட்டுச்சு!" என்பார் அக்கா. பிறகுதான் சாவி திரும்பும்.

ஆறு ஆண்டுகளாக நாளுக்கு ஏழெட்டு முறை முற்றத்தில் இந்த இரண்டு குரலும் எழும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிடுவார்கள். பழகியவர்கள் அதைக் கேட்டு மணி சொல்வார்கள்.

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு முதலில் போனது விசில்.

அக்கா வண்டியைத்தான் சந்தேகப்பட்டார். இந்தத் தொட்டிக்கு விசில் இல்லையோ, துளை பெரிதோ. அடுத்த வண்டியிலும் இல்லை. அடுத்த வாரம் வீட்டில் கெண்டி கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது, பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு கதவு மணி. பிறகு முதுகுக்குப் பின்னால் பேசுகிற எல்லோரும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளிக்க முடிந்தது. யாராவது பின்னால் பேசக்கூடும் என்று தோன்றினால் 'ம்ம்', 'சரி' என்று சொல்லி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. காதால் அளக்கிறவருக்குக் காது போச்சு என்றால் சாவியைக் கழற்றிக் கொடு என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்?

விசிலுக்குப் பதிலாகக் கைக்கடிகாரம் வந்தது. ஒன்பது நிமிடம் என்றால் ஒன்பது நிமிடம். நுரையின் குரலுக்குப் பதிலாக அவருடைய பூட்ஸ் வந்தது. மஞ்சள் ரப்பர் பூட்ஸ். வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் மறுபக்கம் அந்த இரண்டு கால்கள் தெரியும். டேப்பை உரித்து, கத்திவிட்டு, நுரை வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவது வழக்கம். பூட்ஸ் நகர்ந்தால் வேலை முடிந்தது என்று பொருள். பூட்ஸ் நகர்ந்ததும் அக்கா "கேட்டுச்சு!" என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பதினெட்டு மாதம் மறைத்திருந்தார்.

அன்று சனிக்கிழமை, முற்பகல் பத்தே முக்கால். தூணருகே நின்றது கண்ணாடிக்காரரின் வண்டி. ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதித்து மூக்குக் கண்ணாடி செய்து தருகிறவர். பத்து நாளாகப் பதினோராம் நிறுத்தத்தில் தங்கியிருந்தார். அவருடைய மனைவி வண்டியின் படியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டதால் பயணம் நின்றுவிட்டது. வண்டியைத் தூணுக்கு ஓட்டி வந்தபோதும் மனைவி உள்ளே கட்டிலில்தான் இருந்தார். இறக்கி ஏற்ற யாருக்கும் தெம்பில்லை.

"அவங்க படுத்திருக்கட்டும், நாம பாட்டுக்குப் பிடிப்போம்" என்றார் அக்கா. கண்ணாடிக்காரர் துவைக்கப் போட்ட துணியை எடுக்கப் போனார்.

நுரை வண்டியைக் கழுவி முடித்தார். டேப்பில் கை வைக்கப் போன நேரத்தில் பையில் கைபேசி அடித்தது. சோப்பு கொண்டு வந்த வண்டிக்காரர், வாசலில் நிற்கிறாராம், கதவைத் திறக்க வேண்டுமாம். "வர்றேன், வர்றேன், ஏன் பறக்கறீங்க" என்று பேசிக்கொண்டே நுரை நடந்தார்.

பூட்ஸ் நகர்ந்தது.

"கேட்டுச்சு!" என்றார் அக்கா.

நுரையின் காதில் அது தெளிவாக விழுந்தது. ஆறு ஆண்டுப் பழக்கம். அந்தச் சொல் வந்தால் தான் ஏற்கெனவே கத்தியாகிவிட்டது, டேப்பை உரித்தாகிவிட்டது என்றுதான் மனதில் பதிந்திருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய் சோப்பு டிரம்மை உருட்ட ஆரம்பித்தார்.

அக்கா அரைச் சுற்று திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று நிமிடம் கடந்தபோது தற்செயலாக நிமிர்ந்தார். வண்டியின் ஜன்னலில் கண்ணாடிக்காரரின் மனைவி தெரிந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. உள்ளங்கையால் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பாவம், படுத்துப் படுத்து அலுத்துவிட்டது போல என்று நினைத்து, அக்கா சிரித்தபடி கையை ஆட்டினார்.

ஜன்னலுக்குள் இன்னும் வேகமாகக் கை ஆடியது. அக்காவும் இன்னும் வேகமாக ஆட்டினார்.

அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது. என்னவென்று புரியச் சில நொடிகள் ஆயின. பத்து நாளாக அந்த ஜன்னலில் அந்தப் பெண்ணின் நெற்றி மட்டும்தான் தெரியும். இப்போது கழுத்து தெரிந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோள் தெரிந்தது. காலில் கட்டுப் போட்டவர் எழுந்து நிற்க முடியாது. அவர் நிற்கவில்லை. கட்டில் எழுந்துகொண்டிருந்தது.

அக்கா சாவியைப் பிடித்தார். ஈரக் கையில் ஒருமுறை வழுக்கியது. மறுமுறை திருப்பி மூடினார். மூடிய அதே நொடியில் அவருடைய உள்ளங்காலில் 'தொம்' என்று ஓர் அதிர்வு ஏறியது. கதவிடுக்கில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. முதலில் நூலாக, பிறகு பலகையாக.

வெடிச் சத்தம் டயர்க் கடை வரை கேட்டதாம். அக்காவுக்குக் கேட்கவில்லை. காலுக்குத்தான் தெரிந்தது.

நுரை டிரம்மைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். துளைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். டேப் அப்படியே ஒட்டியிருந்தது. நடுவில் கொப்புளம் போல உப்பியிருந்தது. அதைத் தொடக்கூட அவருக்குக் கை வரவில்லை.

"நான் உரிச்சேனே" என்றார் யாரிடமோ. "உரிச்சுட்டுத்தானே போனேன்?"

உள்ளே தொட்டி மேல்பக்கம் பானை வயிறாக வீங்கி, ஓரம் கிழிந்து கிடந்தது. கட்டில் பலகை ஒருபக்கம் தூக்கிச் சரிந்து, மாவுக்கட்டுப் போட்ட கால் பலகைக்கும் அலமாரிக்கும் நடுவே மாட்டியிருந்தது. கட்டு தண்ணீரில் ஊறிக் கஞ்சியாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் கையில் மடித்த துணிக் கட்டோடு வண்டியின் வாசலில் நின்றார். அந்தத் துணியைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், சில நொடிகள் அப்படியே நின்றார். பிறகு எல்லாவற்றையும் எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தார். அக்காவும் அவரும் சேர்ந்து பலகையைத் தூக்கினார்கள். நுரை மாட்டியிருந்த காலை வெளியே எடுத்தார்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் மனைவி கூரையையே பார்த்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கட்டில் தூக்குச்சு... கட்டில் தானா தூக்குச்சு..."

மாலை நான்கு மணிக்குக் கண்ணாடிக்காரர் மாற்றுத் துணி எடுக்கத் திரும்பி வந்தார். எலும்பு சற்று விலகிவிட்டது, மறுபடி சேர்த்துப் புதுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள், இன்னும் ஆறு வாரம் கால் தரையில் படக் கூடாது. மேலாளர் அவரையும் அக்காவையும் நுரையையும் அலுவலகத்தில் உட்கார வைத்தார். மேசையில் அந்த டேப் கிடந்தது. உரித்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்.

"இது யார் ஒட்டினது?"

"நான்தான் சார்" என்றார் நுரை.

"யார் உரிக்கணும்?"

"நான்தான்."

"உரிச்சியா?"

நுரை டேப்பையே பார்த்தார். "உரிச்சேன்னுதான் நெனச்சேன் சார். அண்ணி கேட்டுச்சுன்னு சொன்னாங்க. நான் கத்தாம அவங்க எப்படி அதைச் சொல்வாங்க? அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. சத்தியமா எனக்குப் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு."

மேலாளர் எழுந்து, சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, எதையோ தேடினார். மூவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"டேப் அப்படியே இருக்கு, உரிச்சேன்னா எப்படி? ஒரு உயிர் போயிருக்கும். இனிமே இவங்க இங்க வேலைக்கு வேண்டாம். இன்னையோட சரி. குழாயக்கா, உங்க வீட்டு ஆள்தான், அதனால கேக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

முதுகுக்குப் பின்னால் வரும் பேச்சுக்கு அக்கா ஒரு பதில் பழகி வைத்திருந்தார். பதினெட்டு மாதமாக அது ஒருமுறைகூடக் காலை வாரியதில்லை. மற்ற இருவரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அதை எடுத்துவிட்டார்.

"சரிங்க சார்" என்றார்.

நுரையின் முகம் வெளுத்தது. "அண்ணி!"

அந்த வாய் அசைவு அக்காவுக்குத் தெரிந்தது. கண்ணில் நீர் திரண்டதும் தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை. மேலாளரைப் பார்த்தார், நுரையைப் பார்த்தார், மறுபடி மேலாளரின் முதுகைப் பார்த்தார்.

கண்ணாடிக்காரருக்கு இருபது வருடமாக ஒரே வேலை: எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண் எங்கே போகிறது என்று பார்ப்பது. பத்து நாளாகவே அவருக்கு ஒன்று உறுத்தியிருக்கிறது. இந்த அம்மாள் பேசும்போது தன் கண்ணைப் பார்ப்பதே இல்லை, வாயைத்தான் பார்க்கிறார்.

"சார்" என்றார் மேலாளரிடம். "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி, அவங்களைப் பார்த்து, இப்ப சொன்னதையே இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

மேலாளர் எரிச்சலோடு திரும்பினார். "உங்க நாத்தனாரை வேலையை விட்டு எடுக்கறேன்னு சொன்னேன். நீங்களும் சரின்னு சொல்லிட்டீங்க."

அந்த நிமிடத்தில் அக்கா "சார், ஏதோ தெரியாம நடந்துடுச்சு, பாவம், விட்டுடுங்க" என்று கெஞ்சியிருக்கலாம். மேலாளர் விட்டாலும் விட்டிருப்பார். சாவி கழுத்திலேயே இருந்திருக்கும். கண்ணாடிக்காரர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அக்கா கயிற்றைக் கழற்றி, சாவியை டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ மேல தப்பில்ல சார். அவ கத்தல. கத்தியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் காது கேக்கறதில்ல."

"இன்னைக்கா?" என்றார் மேலாளர், என்ன கேட்பதென்று தெரியாமல்.

"ஒன்றரை வருஷமா."

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் மூன்று பேருக்குத்தான்.

"அவ பூட்ஸைப் பார்த்துத்தான் தண்ணி திறப்பேன். கால் நகர்ந்தா டேப்பை எடுத்துட்டான்னு அர்த்தம். இன்னைக்கு வேற எதுக்கோ நகர்ந்திருக்கு. நான் கேட்டுச்சுன்னு சொல்லிட்டேன். அதைக் கேட்டு அவ ஏமாந்துட்டா. கேட்டுச்சு கேட்டுச்சுன்னு நான் சொன்னது எல்லாமே பொய் சார்."

நுரை நாற்காலியின் நுனிக்கு வந்தார். வேலை போகிறதா இல்லையா என்பதெல்லாம் மறந்துபோனது போலிருந்தது.

"அப்போ ஒன்றரை வருஷமா நான் யார்கிட்டதான் பேசிட்டிருந்தேன்?"

நுரை நாற்காலியை அக்காவுக்கு நேரே திருப்பினார்.

"வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னு எவ்வளவு பேசியிருக்கேன்! ம்ம், சரி, ம்ம்னு எல்லாத்துக்கும் பதில் வந்துச்சே! அந்த மாப்பிள்ளையை வேண்டாம்னு சொல்லிடவா அண்ணின்னு கேட்டேனே, சரின்னீங்களே! நீங்க சரின்னதாலதானே நான் வேண்டாம்னு சொன்னேன்!"

அக்காவின் கண்கள் அகன்றன. "எந்த மாப்பிள்ளை?"

மேலாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எந்த மாப்பிள்ளையா?" நுரையின் குரல் உச்சத்துக்குப் போனது. "நாலு மாசம் அந்த ஆளைப் பத்தித்தானே பேசினேன்! செவிடன் காதுல ஊதின சங்குன்னு..." பாதியில் நிறுத்தினார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லு, சொல்லு" என்றார் அக்கா. "சரியாத்தான் சொல்றே."

நுரைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே சொன்னார்: "விடுங்க. அவன் குறட்டை விடுவானாம்." பிறகு நினைவு வந்து தலையைத் தூக்கி, அக்காவைப் பார்த்து, அதையே மறுபடி சொன்னார்.

வீட்டில் அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. ஆறரை மணிக்கு அக்காவின் கணவர் பேருந்துப் பணிமனையிலிருந்து வந்தார். கை கழுவி உட்கார்ந்ததும் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி, கட்டில், சாவி, காது. கணவர் துண்டைப் பிடித்தபடி அசையாமல் கேட்டார்.

"ஒன்றரை வருஷமா?"

"ஆமா."

"நீ என்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சேன்."

"என்னது?"

இந்த முறை முகத்துக்கு நேராகச் சொன்னார்: "கூப்பிட்டா திரும்ப மாட்டே. கேட்டா பதில் இல்ல. சரி, ஏதோ பெரிய கோவம், தானா ஆறட்டும்னு இருந்துட்டேன். அதுக்காகத்தான் தினமும் பாத்திரம் கழுவினேன்."

பாத்திரம் ஏன் தினமும் கழுவியே இருக்கிறது என்று அக்கா ஒருநாளும் யோசித்ததில்லை. "எதுக்குக் கோவம்னாவது என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். பல தடவை கேட்டேன்."

மாடிப் படியில் உட்கார்ந்திருந்த நுரை அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணா, இனிமே பாத்திரம்?"

கணவர் திரும்பவில்லை. "என்ன சொல்றா?" என்று அக்கா கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அவர் சமையலறைக்குள் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மருத்துவமனைக்குப் போனார். கண்ணாடிக்காரரின் மனைவி தலையணையில் சாய்ந்திருந்தார். புதுக் கட்டு முழங்கால் வரை ஏறியிருந்தது.

"நான் கத்துறேன், நீங்க டாட்டா காட்டுறீங்க" என்றார் மனைவி, ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியும்படி. கண்ணாடிக்காரர் சொல்லியிருக்க வேண்டும். "சாகப் போறேன்னு நெனச்சேன். கடைசியா நான் பார்க்கப் போறது, ஒரு பொம்பளை சிரிச்சுக்கிட்டுக் கையாட்டறதைத்தானான்னு தோணுச்சு."

"தெரியாம..."

"தெரியாமத்தான். ஆனா எனக்குக் கோவம் தீரல. தீர்ந்ததும் சொல்றேன்."

"சொல்லுங்க" என்றார் அக்கா. "எதிரே நின்னு சொல்லுங்க."

மனைவி சிரிக்கவில்லை. ஆனால் கொண்டு போன பழத்தை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் மேலாளர் திருகு இணைப்பைக் கழற்றி அலமாரியில் பூட்டினார். இப்போது வெள்ளைக் குழாய் பழையபடி தொட்டியின் வாயில் தளர்வாகத் தொங்குகிறது, இரண்டு விரல் இடைவெளியோடு. கொஞ்சம் சிந்துகிறது. கீழே வாளி வைக்கிறார்கள். யாராவது உள்ளே இருந்தால் தண்ணீர் பிடிப்பதில்லை. கால் முறிந்தவராக இருந்தாலும் நாற்காலியோடு தூக்கி இறக்கிவிட வேண்டும்.

கத்துகிற வழக்கமும் போய்விட்டது. அது நுரையின் ஏற்பாடு. டேப்பின் ஒரு முனையில் ஒரு முழம் சிவப்பு நாடாவைத் தைத்திருக்கிறார். கழுவி முடித்ததும் டேப்பை உரித்து, வண்டியைச் சுற்றி நடந்து வந்து, அக்காவின் உள்ளங்கையில் வைக்கிறார். டேப் கைக்கு வராமல் தண்ணீர் திறப்பதில்லை. பிறகு நுரை சாவியைக் கொஞ்சம் மட்டும் திறக்க, அக்கா மறுபக்கம் போய், துளைக்கு முன்னால் ஈர விரலை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்க்கிறார். வந்தால் வண்டிக்கு அடியில் கையை நீட்டி ஆட்டுகிறார். அதைப் பார்த்து நுரை சாவியை அரைச் சுற்றுக்குத் திருப்புகிறார். சாவி இப்போது நுரையின் கழுத்தில்.

முற்றம் அமைதியாகிவிட்டது என்று பழைய வண்டிக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இப்போது மணி தெரிவதில்லையாம்.

கண்ணாடிக்காரரின் வண்டி புதுத் தொட்டிக்காகப் பட்டறையில் நிற்கிறது. மனைவியின் கால் ஆறும்வரை அவர் முற்றத்தின் துவைக்கும் அறையில் மேசை போட்டுக் கண் பரிசோதிக்கிறார். அக்காவையும் உட்கார வைத்துப் பார்த்தார். கண் பிரமாதம், கடைசி வரி வரை படித்துவிட்டார். தனக்குத் தெரிந்த ஒரு காது மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மேலாளர் இன்னும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. பரிசோதனை அறிக்கை வரட்டும், பிறகு சாவி யாரிடம் என்று பார்க்கலாம் என்கிறார். வரும் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்காவுக்கு முறை. நுரை கூடப் போகிறார். அன்று மதியம் வரை முற்றத்தில் தண்ணீர் பிடிக்க முடியாது என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறது.